கூரையோடு வேலையும் தந்த கமலாதேவி அம்மையார்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதவை என்று தொடக்கப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால், இம்மூன்றையும் இழந்து நிற்பவருக்கு எதை முதலில் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அதைச் செய்து காட்டியவர்களுள் ஒருவர் கமலாதேவி சட்டோபாத்யாய அம்மையார். கைவினைக் கலைகளைக் காத்தவர் என்று நாடு அவரை அறியும். வீடிழந்தோருக்கு வீடும் வேலையும் ஒருசேரக் கிடைக்க அவர் பாடுபட்டதைப் பலர் அறியார்.

நெய்வேலியிலிருந்து இக்கல்லூரிக்கு வரும் எனக்கு இது வெறும் வரலாறு அன்று. 1957ஆம் ஆண்டு நேரு பெருமகனார் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அதன் பின், முந்திரித் தோப்புகளும் கம்பங்கொல்லைகளும் இருந்த மண்ணில் நகரியம் வட்டம் வட்டமாக எழுந்தது. சுரங்கத்திற்காக இடம் பெயர்ந்த சிற்றூர்களில் என் பாட்டி பிறந்த ஊரும் ஒன்று. அவ்வாறு பெயர்ந்தவர்கள் திண்ணையில் கூடினால் இரண்டே கேள்விகள்தாம் எழும். மனை கிடைத்ததா? வேலை கிடைத்ததா? இக்கேள்விகளைக் கேட்டு வளர்ந்தமையால்தான் அம்மையாரின் வரலாறு என் நெஞ்சைத் தொட்டது.

இளமை

அம்மையார் 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் மங்களூரில் பிறந்தார். தந்தை அனந்தய்யா, அரசின் உயர் அலுவலர், தாய் கிரிஜாபாய். ஏழு வயதிலேயே தந்தையை இழந்தார். அக்காலச் சட்டப்படி குடும்பச் சொத்து மாற்றாந்தாய் மகனைச் சேர்ந்தது. தாய்க்கும் மகளுக்கும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை கிடைக்கும் என்றாயிற்று. அத்தொகையைக் கிரிஜாபாய் ஏற்க மறுத்தார். தம் சீதனத்தைக் கொண்டே மகளை வளர்த்தார். பிறர் கையை எதிர்பாராத வாழ்வு என்னும் பாடத்தை அம்மையார் தம் வீட்டிலேயே கற்றார்.

பதினான்கு வயதில் மணம். பதினாறு வயதில் கைம்மை. அத்துடன் வாழ்வு முடிந்தது என்று ஊர் எண்ணிய காலம் அது. அவரோ சென்னை இராணி மேரி கல்லூரியில் சேர்ந்து படித்தார். பின்னர்க் கவிஞர் ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயரை மறுமணம் புரிந்து, இலண்டன் சென்று சமூகவியல் பயின்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் கைம்பெண் கல்லூரிப் படியேற எத்தனை துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை என்னால் ஓரளவு உணர முடிகிறது.

1926இல் சென்னைச் சட்டமன்றத் தேர்தலில் துணிந்து நின்று, மிகச் சில வாக்குகளில் தோற்றார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார்.

அகதிகளின் நகரம்

1947இல் நாடு விடுதலை பெற்றது. கூடவே பிரிவினையும் வந்தது. இலட்சக்கணக்கானோர் வீடு, வாசல், தொழில் அனைத்தையும் இழந்து வந்து சேர்ந்தனர். முகாம்களில் கூடாரமும் இலவச உணவுப் பொருளும் கிடைத்தன. உயிர் காக்க அவை தேவைதாம். ஆனால், உழைத்து உண்டவர் நாள்தோறும் வரிசையில் நின்று கையேந்தினால் அவருடைய உள்ளம் என்ன ஆகும்? இதை எண்ணிய அம்மையார், 1948இல் இந்தியக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். முதலில் தில்லியை அடுத்த சத்தர்பூரில் அகதிகளைக் கொண்டு கூட்டுறவுப் பண்ணைகள் அமைந்தன.

அடுத்தது ஃபரிதாபாத். வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்த சுமார் 30,000 பேருக்காக, தில்லிக்குத் தெற்கே ஒரு புதிய நகரம் அமைக்க 1949இல் வாரியம் ஒன்று ஏற்பட்டது. இராஜேந்திர பிரசாத் அதன் தலைவர். நேருவும் அதன் கூட்டங்களுக்கு வந்து அமர்ந்தார். வழக்கம்போல் ஒப்பந்தக்காரர்களைக் கொண்டு வீடு கட்டி, அகதிகளிடம் சாவியைக் கொடுத்துவிடலாம் என்பது அலுவலர்களின் எண்ணம். தங்கள் வீட்டைத் தாங்களே கட்டுவோம் என்றனர் அகதிகள். அவர்களில் பலர் தராசு பிடித்த வணிகர்கள். கரண்டி பிடித்துக் கல் வைத்தவர்கள் அல்லர். இவர்களால் முடியுமா என்ற ஐயம் எழுந்தது. அம்மையாரும் அவருடைய சங்கத்தாரும் அகதிகளின் பக்கம் நின்றனர். நேருவின் ஆதரவும் கிட்டியது.

அகதிகள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்தனர், தொழில் பழகினர், கூலி பெற்றுத் தம் வீடுகளைத் தாமே எழுப்பினர். இலவச உணவின் இடத்தில் உழைத்த கூலி வந்தது. போர் இழப்பீடாக ஜெர்மனியிலிருந்து கிடைத்த டீசல் மின் நிலையமும் அங்கே நிறுவப்பட்டது. மின்சாரம் வந்தது; ஆலைகள் வந்தன. வீட்டுக்கு அருகிலேயே வேலை இருக்க வேண்டும் என்ற எண்ணம் உருப்பெற்றது.

ஆயினும், முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. நிர்வாகம் மெல்ல மெல்ல அலுவலகக் கோப்புகளுக்குத் திரும்பியதும் கூட்டுறவு அமைப்புகள் நலிந்தன. ஃபரிதாபாத் பெரிய தொழில் நகரமாக வளர்ந்தது. ஆனால், அகதிகளே நடத்தும் நகரம் என்ற கனவு நிலைக்கவில்லை. வீட்டைக் கட்டும் உரிமையோடு ஊரை நடத்தும் உரிமையும் வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.

அம்மையார் சோர்ந்துவிடவில்லை. 1952இல் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் தலைமையை ஏற்று, நலிந்த கைவினைஞர்களுக்குச் சந்தையைத் தேடித் தந்தார். 1966இல் மகசேசே விருதும் 1987இல் பத்ம விபூஷணும் அவரை நாடி வந்தன. 1988 அக்டோபர் 29ஆம் நாள் மறைந்தார்.

நமக்குரிய பாடம்

2016இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில், வீடு பெறுவோர் அவ்வீட்டு வேலையில் தாமே உழைத்தால், வேலை உறுதித் திட்டத்தின் வழியே சமவெளிப் பகுதிகளில் 90 நாள் கூலி பெற வழி செய்திருந்தார்கள். எங்கள் வீடும் அவ்வாறு எழுந்ததே. இருபது ஆண்டுகள் பிறருக்குச் சுவர் எழுப்பிய கொத்தனாராகிய என் தந்தையார், முதன்முதலாகத் தமக்கென்று தூக்குக்குண்டு பிடித்தார். என் தாயார் சித்தாளாகக் கலவை சுமந்தார். இன்றும் விருந்தினர் வந்தால் அவர் முதலில் காட்டுவது அந்தச் சுவரைத்தான். அதைத் தானமாகப் பெற்றதாக அவர் ஒருநாளும் எண்ணியதில்லை.

அதே வேளையில், முதியோரும் நோயுற்றோரும் உழைத்தால்தான் வீடு என்பது அறமாகாது. உழைக்க இயலாதவருக்குக் கூரையும், இயன்றவருக்குக் கூரையோடு வேலையும் தருவதே முறை.

அன்பு மாணவ நண்பர்களே! நம்மில் சிலர் நாளை அரசு அலுவலர்களாகலாம். வீடற்றோர் பட்டியல் ஒன்று நம் மேசைக்கு வரலாம். அன்று அதில் பெயர்களை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு பெயருக்கும் பின்னே இரண்டு கைகள் இருப்பதையும் பார்ப்போம். அந்தக் கைகளுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டுப் பிறகு கையொப்பமிடுவோம். கமலாதேவி அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.