குன்றத்தூர்ச் சேக்கிழார்

பூவிருந்தவல்லியை அடுத்துள்ள கரையான்சாவடி, குமணன்சாவடி என்னும் இரண்டு ஊர்களின் பெயர்களும் பண்டைய வழிப்போக்கரை நினைவூட்டுவன. சாவடி என்பது பெருவழியிற் செல்வோர் தங்கி இளைப்பாறும் இடம். இன்றும் அங்கே சாலைகள் பல வந்து கூடுகின்றன. ஒன்று கிழக்கே போரூரைக் கடந்து சென்னைக்கும், மற்றொன்று வடக்கே ஆவடிக்கும் செல்லும். தெற்கே திரும்பும் சாலை மாங்காட்டைக் கடந்து குன்றத்தூரை அடையும். நாள்தோறும் இவ்வழிகளிற் செல்லும் நம் மாணவருள் எத்துணைப் பேர், தாம் ஒரு பெருங்காப்பியத்தின் நிலப்பரப்பினூடே செல்கின்றோம் என்பதை நினைக்கின்றனர்? அக்காப்பியம் பெரியபுராணம். அதனை அருளிய சேக்கிழார் குன்றத்தூரிற் பிறந்தவர். அவர் வரலாற்றை யாம் அறிந்த அளவில் ஈண்டுச் சுருங்கக் கூற விரும்புகின்றோம்.

தொண்டை நாடு பண்டு இருபத்து நான்கு கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்றாகிய புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது குன்றத்தூர். முருகன் கோயில் கொண்ட சிறு குன்று ஒன்று ஊருக்கு அடையாளமாய் நிற்க, மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கின்றது. அவ்வூர் வேளாளருட் சேக்கிழார் குடி என்பது புகழ் வாய்ந்த ஒன்று; அக்குடியினர் சிலர் பெயர் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலும் காணப்படுகின்றது. அக்குடியில் அருண்மொழித்தேவர் என்னும் பெயருடன் தோன்றியவரே நம் புலவர். குடிப்பெயரே பின்னர் அவருக்கு இயற்பெயர் போல வழங்கலாயிற்று. பாலறாவாயர் என்பார் அவருடைய இளவல்.

இவ்வரலாற்றை நமக்கு விரித்துரைப்பது, சேக்கிழார்க்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணமாகும். ஆதலின் அதனுட் சில செய்திகளை வரலாறாகவும், சிலவற்றை அன்பர் போற்றிய மரபாகவும் கொள்ளுதல் தகும்.

அருண்மொழித்தேவரின் கல்வியையும் மதிநுட்பத்தையும் கேள்வியுற்ற சோழ மன்னன் அநபாயன், அவரை அழைத்துத் தன் முதலமைச்சராக அமர்த்தி, உத்தமசோழப் பல்லவர் என்னும் பட்டமும் அளித்தான். இவ்வநபாயன் 1133-ஆம் ஆண்டில் அரியணை ஏறிய இரண்டாம் குலோத்துங்கன் என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் துணிபு. சிற்றூரிற் பிறந்த ஒருவர் பேரரசு ஒன்றின் ஆட்சிப் பொறுப்பைத் தாங்கினார். சோழ நாட்டில் வாழ்ந்த காலத்துத் திருநாகேச்சுரத் திருக்கோயிலில் அவர் உள்ளம் பெரிதும் ஈடுபட்டது. ஆயினும் பிறந்த ஊரை அவர் மறந்தாரில்லை. அத்தலத்தின் பெயராலேயே குன்றத்தூரில் ஒரு திருக்கோயில் எடுப்பித்து, நாள்வழிபாடு நடைபெற வகை செய்தார். அக்கோயிலை இன்றும் அங்கே காணலாம்.

அக்காலத்தில் மன்னன் சீவக சிந்தாமணியைக் கற்றும் கேட்டும் இன்புற்று வந்தான் என்று மரபு கூறும். திருத்தக்கதேவர் செய்த அந்நூல் தமிழ்க் காப்பியங்களுள் தலைமை வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. எனினும், மன்னன் உள்ளம் காதற் சுவையிலேயே தோய்ந்து நிற்பதைக் கண்ட அமைச்சர், சிவனடியார்களின் வாழ்க்கையை அவன் அறியவேண்டும் என்று எடுத்துரைத்தனர். மன்னன் கேட்க விழைந்தான், அமைச்சர் சொன்னார், கேட்டு உருகிய மன்னன் அதனையே ஒரு காப்பியமாகப் பாடித் தருமாறு வேண்டினான். அமைச்சர் ஆட்சிப் பொறுப்பினின்று நீங்கித் தில்லையை நோக்கிப் புறப்பட்டார். அதிகாரத்தின் உச்சியில் நின்ற ஒருவர், தம்மினும் எளியராய் வாழ்ந்து மறைந்தோரின் கதையைச் சொல்லுதற்பொருட்டு அவ்வுச்சியினின்று இறங்கினர் என்பதே அவர் வாழ்க்கையின் திருப்புமுனை என யாம் கருதுகின்றோம்.

அவர் முன் இருந்த கருவிகள் மிகச் சில. சுந்தரமூர்த்தி நாயனாரின் திருத்தொண்டத்தொகை பதினொரு பாடல்களே கொண்டது. அதில் அடியார் பெயரும் ஓரிரு குறிப்புமே உண்டு. நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதி அதனைச் சற்றே விரித்தது. இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டு, ஊர்தோறும் வழங்கிய செய்திகளையும் இணைத்து, தனியடியார் அறுபத்து மூவர், தொகையடியார் ஒன்பதின்மர் ஆகியோர் வரலாறுகளை இரண்டு காண்டங்களும் பதின்மூன்று சருக்கங்களும் கொண்ட பெருநூலாக அவர் ஆக்கினார். இன்றைய பதிப்புக்களில் 4,286 பாடல்கள் உள்ளன. தில்லையம்பலவனே முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தான் என்பதும், ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்து நூல் பாடப்பட்டது என்பதும் மரபு. அரங்கேற்றம் முடிந்தபின் மன்னன் நூலையும் புலவரையும் யானைமீது ஏற்றி, தானும் உடனேறித் தன் கையாலேயே கவரி வீசித் தில்லை வீதிகளில் உலாச் செய்வித்தான். தொண்டர் சீர் பரவுவார் என்னும் பெயர் அன்று அவர்க்குச் சூட்டப்பட்டது. அந்நூல் பன்னிரண்டாம் திருமுறையாக வைத்து எண்ணப்பட்டது.

இனி அந்நூலின் மாந்தரை நோக்குவோம். அரசரும் அந்தணரும் அதில் உளர். அவரோடு ஒக்கக் குயவரும் வண்ணாரும் செக்காரும் மீன்பிடிப்போரும் வேடரும் புலையரும் உளர். அவருட் பலர் கரையான்சாவடியிலிருந்து ஓரிரு நாழிகையிலோ ஒரு நாட்பயணத்திலோ அடையக்கூடிய ஊர்களில் வாழ்ந்தவர். அருகிலுள்ள திருவேற்காட்டினர் மூர்க்க நாயனார். அடியார்க்கு உணவளித்துக் கைப்பொருள் முழுதும் இழந்தபின், தாம் கற்ற சூதாட்டத்தையே அவர் தொழிலாகக் கொண்டார். சூதில் மாறுபட்டாரை உடைவாளால் குத்தவும் தயங்கிலர். ஆயினும் வென்ற பொருளைத் தம் கையால் தீண்டாது உணவு சமைப்போரிடமே சேர்ப்பித்து, அடியார் அனைவரும் உண்டபின் கடைப் பந்தியிலே தாம் உண்டார். இத்தகைய ஒருவரின் குறையை மறையாமலும் அன்பைக் குறையாமலும் பாடுதற்கு எத்துணை நடுவுநிலைமை வேண்டும்!

ஆவடிக்கு அப்பால் உள்ள திருநின்றவூரில் வாழ்ந்தவர் பூசலார். கோயில் எடுக்கப் பொருள் தேடிக் கிடைக்காமையால் மனத்தினுள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, அடிநிலை தொடங்கிச் சிகரம் ஈறாகக் கோயில் கட்டினார். பல்லவ மன்னன் காஞ்சியில் எடுத்த கற்றளியின் குடமுழுக்கும், பூசலார் தம் மனக்கோயிற்குக் குறித்த நாளும் ஒன்றாக அமைந்தன. இறைவன் மன்னன் கனவில் தோன்றி, அந்நாளில் தான் பூசலார் கோயிலுக்குச் செல்வதாகக் கூறி, அவன் விழாவைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்ளுமாறு பணித்தனன். கடற்கரைத் திருவொற்றியூரில் செக்குத்தொழில் செய்த கலியரும், மயிலாப்பூரில் மனத்திலே வழிபட்ட வாயிலாரும் இந்நூலால் நமக்கு அறிமுகமாகின்றனர். அரசவையில் வாழ்ந்த புலவர் ஒருவர், அரசன் கட்டிய கோயிலினும் ஏழை எண்ணிய கோயில் முந்தியது என்று அரசன் கேட்கவே பாடியதை யாம் வியவாதிருத்தல் இயலாது.

சிற்றூர்கள் தம் அடியாரைப் போற்றி, அவராலே தாமும் வாழ்தல் நம் நாட்டிற்கு மட்டும் உரிய இயல்பன்று. பிரான்சு தேசத்தின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டனி நாட்டிலும் கடலை அடுத்த சிற்றூர்கள் பல அடியார் பெயராலேயே வழங்குகின்றன. அங்குள்ள திரேகியே என்னும் சிறு நகரத்தார், ஏழைகளுக்காக வழக்குரைத்து 1303-இல் மறைந்த இவோ என்னும் குருவின் நினைவாக ஆண்டுதோறும் மே மாதத்தில் திருவிழாக் கொண்டாடுகின்றனர். மொர்லே என்னும் ஊரில் பிறந்த தொமினிக்கர் சபைத் துறவி ஆல்பர்ட் லெ கிரான் என்பார், 17-ஆம் நூற்றாண்டில் ஊர்தோறும் சிதறிக்கிடந்த அடியார் சரிதைகளைத் திரட்டி ஒரு நூலாக்கினார். சமயமும் மொழியும் வேறாயினும் தொண்டு ஒன்றே. சேக்கிழார் அத்தொண்டை ஐந்நூறு ஆண்டுகள் முன்னரே செய்து முடித்தனர்.

அத்தொண்டின் அருமை ஊர்கள் அழியும்போதே நன்கு விளங்கும். திருவொற்றியூரை விட்டு நீங்கிக் கண்ணொளி இழந்த சுந்தரர், திருமுல்லைவாயிலைத் தொழுது, பின் திருவெண்பாக்கத்தில் இறைவன்பால் ஊன்றுகோல் பெற்றார் என்று பெரியபுராணம் கூறும். சென்னைக்குக் குடிநீர் வழங்கும்பொருட்டு 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது, அவ்வெண்பாக்கத்தின் பழங்கோயில் இருந்த நிலம் நீருள் மூழ்கியது; கோயில் வேறிடத்தில் புதிதாக எடுக்கப்பட்டது. நம் தாகம் தணிக்க ஓர் ஊர் தன்னைத் தந்தது. எனினும் கண்ணிழந்த அவ்வழிநடையாளர் ஊன்றி நடந்த கோலின் ஓசை நூலினுள் இன்னும் கேட்கின்றது. அநபாயன் முன்னோர் வீற்றிருந்த கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனையோ இன்று மாளிகைமேடு என்னும் மண்மேடு. மன்னர் மாளிகை மண்ணாக, திருவேற்காட்டுச் சூதரும் திருநின்றவூர் ஏழையும் அழியாது நிற்கின்றனர். இதனைச் செய்தது ஒருவர் எழுத்தாணி.

நூல் முற்றியபின் மன்னன் அளித்த சிறப்புக்களைச் சேக்கிழார் தமக்கெனக் கொள்ளவில்லை. அமைச்சுரிமை அவர் தம்பி பாலறாவாயர்க்கு வழங்கப்பட்டது. அவரோ தில்லையிலேயே தங்கி, தொண்டரைப் போற்றியே தம் எஞ்சிய நாட்களைக் கழித்தனர். வைகாசிப் பூசத்தன்று அன்பர் அவர் குருபூசையைக் கொண்டாடுகின்றனர்.

மாணவ நண்பர்காள்! சென்னைப் பெருநகரம் நாளுக்கு நாள் மேற்கே வளர்ந்து வருகின்றது. வயல்கள் மனைகளாகின்றன, ஏரிகள் சுருங்குகின்றன, சாவடிகள் பெயரளவில் நிற்கின்றன. இம்மாற்றத்தைத் தடுத்தல் நம்மால் ஆவதன்று. ஆயின் நும் ஊரில் பசித்தோர்க்குச் சோறிட்டவர் யார், குளத்தை வெட்டியவர் யார், பள்ளியைத் தொடங்கியவர் யார் என்று முதியோரைக் கேட்டு எழுதி வைத்தல் நும்மால் ஆகும். பேரரசு ஒன்றின் முதலமைச்சர்க்கு இழிவாகத் தோன்றாத அப்பணி, கல்லூரி மாணவர்க்கு எளிதாகத் தோன்றலாகாது. குன்றத்தூர்ச் சாலையிற் செல்லும்போதெல்லாம் அப்பெரியாரை ஒருகணம் நினைமின். அந்நினைவு நும் எழுதுகோலை இயக்குவதாக.