ஸ்ரீ ஜி. டி. நாயுடு

கிணத்துக்கடவின் வழியே பொள்ளாச்சிக்குப் பஸ்ஸிற் செல்லும் நம்மிற் பலர் ஸ்ரீ ஜி. டி. நாயுடுவை நினைப்பதில்லை. அன்னார் கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்தார். பள்ளிப் படிப்பில் மனஞ் செல்லவில்லை. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவரது மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியிற் பணிசெய்து பொருள் சேர்த்து, அதனையே விலைக்கு வாங்கினார். வாங்கியதனை உறுப்புறுப்பாய்க் கழற்றி, மீண்டும் பூட்டி, அதன் இயல்பை அறிந்தார்.

பொள்ளாச்சியினின்று பழனிக்கு 1920-இல் அவர் விட்ட ஒற்றைப் பஸ்ஸே யு. எம். எஸ். என்னும் பெருநிறுவனமாயிற்று. மின்கலத்தால் இயங்கும் ரஸாண்ட் சவரக் கருவியும் அவர் ஆக்கியதே. ஸ்ரீ டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் கூடி 1937-இல் கோவையிலேயே மின்மோட்டாரை உருவாக்கினார். கிணற்றை நம்பி வாழும் கொங்குநாட்டார்க்கு அதன் அருமை சொல்ல வேண்டுவதின்று.

ஆயின், கல்லூரி மாணவராகிய நம்மைத் தைப்பது பிறிதொன்று. அவர் முயற்சியால் 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்லூரி எழுந்தது. அதன் தலைவராயிருந்த அவர், நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டே போதும் என்றார். அரசினர் இசையாமையாற் பதவியைத் துறந்தார். இலக்கணம் பயிலும் நாம் அவ்வாறு துணிதற்கில்லை. எனினும், கழற்றிப் பாராத கல்வி எத்தனையாண்டு நீளினும் யாது பயன் என்னும் வினா நம்மை விட்டபாடில்லை.

அவர் 1974-இல் மறைந்தார். அங்குள்ள பஸ் நிறுத்தத்தை மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே வழங்குகின்றனர்.