படிகத்திற்குள் பார்த்த இளைஞர்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கனிமத்தை இனங்காண நகத்தால் கீறுவோம். அமிலம் ஒரு சொட்டு விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்போம். களிமண்போல் நுண்பொடியாக இருந்தாலோ லென்சும் கைவிரித்துவிடும். அங்கே கைகொடுப்பது லாரன்ஸ் பிராக்கின் விதி. அதை மனப்பாடம் செய்தபோது அவரை நரைத்த முதியவராகவே எண்ணியிருந்தேன். விதியைக் கண்டபோது அவருக்கு வயது 22தான்!

1890இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் பிராக் அங்கே பேராசிரியர். சிறுவன் முச்சக்கர சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையை உடைத்துக்கொள்ள, அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த எக்ஸ் கதிரால் தந்தையே அதைப் படமெடுத்தார். என் தந்தையாருக்குக் கையெழுத்து மட்டுமே போடத் தெரியும். ஆகவே இவ்விடத்தைப் படிக்கையில் எனக்குச் சற்றுப் பொறாமை உண்டாயிற்று.

1912இல் ஜெர்மனியில் லாவேயின் யோசனைப்படி படிகத்தின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது புகைப்படத் தகட்டில் புள்ளிகள் விழுந்தன. எக்ஸ் கதிர் துகள்களே என்பது தந்தையின் கட்சி. மகனும் முதலில் அக்கட்சிதான். பின்பு கேம்பிரிட்ஜ் ஆற்றங்கரையில் நடக்கையில் உண்மை புலப்பட்டது. அவை அலைகள், படிகத்தின் அணு அடுக்குகள் அவற்றைக் கண்ணாடிபோல் பிரதிபலிக்கின்றன. அடுக்குகளின் இடைவெளிக்கேற்ற கோணத்தில் மட்டுமே அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும். கோணத்தை அளந்தால் இடைவெளி தெரியும். இடைவெளிகள் கனிமத்தைக் காட்டிக்கொடுக்கும். தாமிரத்திலிருந்து எழும் எக்ஸ் கதிர் குவார்ட்ஸ் பொடியில் பட்டால் அதன் வலிய வரி 26.6 பாகை திரும்பி விழும், கால்சைட்டுக்கு 29.4. கைரேகை மாறினாலும் இது மாறாது!

தந்தை கருவி செய்தார். இருவரும் சேர்ந்து உப்பு, வைரம் முதலியவற்றின் அமைப்பைக் கண்டனர். 1915இல் நோபல் பரிசும் இருவருக்கும் சேர்ந்தே வந்தது. மகனோ அப்போது போர்முனையில் இருந்தார். தம்பி கலிப்போலிப் போரில் மாண்டு சில வாரங்களே ஆகியிருந்தன. அதற்கும் மேலாக ஒரு வேதனை. தந்தை மகனின் பங்கை எடுத்துச் சொல்லியும், உலகம் எல்லாம் தந்தையின் வேலை என்றே பேசியது. அந்த வருத்தம் நெடுநாள் அவரை விட்டு அகலவில்லை. இதைப் படித்ததும் என் பொறாமை அகன்றது.

போருக்குப் பின் இருவரும், எங்கள் ஊரில் வயலைப் பாகம் பிரிப்பதுபோல், துறையைப் பிரித்துக்கொண்டனர். கரிமப் பொருள்களும் குவார்ட்சும் தந்தைக்கு. மற்றக் கனிமங்கள் மகனுக்கு. மான்செஸ்டரில் அவர் பெரில், ஒலிவின் என ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஒரு சிலிக்கனைச் சுற்றி நான்கு ஆக்சிஜன். அவை தனித்தும் சங்கிலியாகவும் தகடாகவும் இணைவதே சிலிக்கேட்டுகளின் வேறுபாடு. அவர் 1971இல் மறைந்தார். இவ்வாண்டு கனிமவியல் தேர்வில் நான் எழுதிய பத்து மதிப்பெண் வினா, அந்தப் பாகத்தில் விளைந்ததுதான்.