மூன்று கணக்குகள்: ஆர். கே. சண்முகம் செட்டியாரின் வாழ்வு

பொருளாதாரம் என்றதும் நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அது வணிகருக்கும் வங்கிக்காரருக்கும் உரிய துறை, இலக்கியச் சுவை நாடும் நமக்கு அதனோடு என்ன உறவு என்று எண்ணுகிறோம். பொருளை ஆக்குவதும் காப்பதும் பகுத்தளிப்பதும் அரசின் கடமை என்று விரித்துரைக்க ஒரு தனிப் பாலையே வகுத்த வள்ளுவர் பிறந்த நாட்டில் இப்படி ஓர் எண்ணம்! பணக் கணக்கையும் தமிழ்க் காப்பியத்தையும் ஒருங்கே கற்ற ஒருவர் சென்ற நூற்றாண்டில் நம்மிடையே வாழ்ந்தார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் அவர். பெயர் ஆர். கே. சண்முகம் செட்டியார். முதல் பிரதமர் யார் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளையும் விடை சொல்லும். முதல் நிதியமைச்சர் யார் என்று கேட்டால் நம் வகுப்பறைகளிலேயே எத்தனை பேர் விடை சொல்வார்கள்?

நான் அந்தமானில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தீவுகள் மத்திய அரசின் நேரடி ஆட்சியில் உள்ளவை. அவற்றுக்கெனச் சட்டமன்றம் இல்லை. படகுத்துறைக்குப் பலகை மாற்றுவதானாலும், தீவுக்குத் தீவு செல்லக் கப்பல் விடுவதானாலும், பள்ளிக்கு ஆசிரியர் அமர்த்துவதானாலும் அதற்கான பணம் தில்லியின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும். அந்த வரி இல்லையென்றால் அந்த வேலை இல்லை. ஆகவே, யாரோ ஒருவர் எங்கோ எழுதும் கணக்கு நம் வீட்டு அடுப்பு வரைக்கும் வரும் என்பதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை, வாழ்ந்து அறிந்தேன். அந்தக் கணக்கை முதன்முதல் எழுதியவரின் வாழ்வைத் தேடிப் படிக்க வைத்ததும் இந்த அறிவுதான்.

செட்டியார் 1892ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் கோயம்புத்தூரில், வணிகத்திலும் ஆலைத் தொழிலிலும் ஈடுபட்ட குடும்பத்தில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். 1917இல் கோவை நகரசபை உறுப்பினரானார். தெருவிளக்கும் குடிநீரும் சாக்கடையும் பேசப்படும் அந்த மன்றமே அவருக்கு முதற் பள்ளிக்கூடம். 1920இல் நீதிக்கட்சியின் சார்பில் சென்னை மாகாணச் சட்டசபைக்குச் சென்றார். பின்பு சுயராஜ்யக் கட்சியில் சேர்ந்து மத்திய சட்டசபையில் அமர்ந்தார். அக்கட்சியின் கொறடாவாகவும் இருந்தார். 1931இல் அச்சபையின் துணைத் தலைவரானார், 1933இல் தலைவரானார்.

இதற்கிடையில் உலக மேடைகளும் அவரை அழைத்தன. 1928, 1929, 1932 ஆகிய ஆண்டுகளில் ஜெனீவாவில் நடந்த பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடுகளுக்குச் சென்றார். 1932இல் கனடாவின் ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் பேரரசின் நாடுகள் கூடி வாணிக உடன்பாடு செய்துகொண்டபோது, இந்தியக் குழுவில் அவரும் ஒருவர். பேரரசுச் சரக்குகளுக்குச் சலுகை தரும் அந்த உடன்பாடு இந்தியாவுக்கு நன்மையா தீமையா என்று நாடெங்கும் சூடான வாதம் நடந்தது. தேசியவாதிகள் பலர் அதை வெறுத்தனர். 1934ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் அவர் தோற்றார். சபைத் தலைவராக இருந்தவர் சபைக்கு வெளியே நின்றார்.

தோல்வி அவரை முடக்கவில்லை. 1935இல் கொச்சி அரசின் திவானானார்; 1941 வரை அப்பதவியில் இருந்தார். கொச்சித் துறைமுகம் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக உயர்ந்தது அக்காலத்தில்தான். 1938இல் மக்கள் சபைக்குப் பொறுப்பான அமைச்சர் ஒருவரிடம் சில துறைகளை ஒப்படைக்கும் முறையும் அங்கே வந்தது. மன்னர் ஆட்சி நடந்த நாட்டில் அது சிறிய செய்தியன்று. போர் மூண்ட பின், அமெரிக்காவில் இந்தியாவுக்கு வேண்டிய பொருள்களை வாங்கும் குழுவின் தலைவராக 1941இல் வாஷிங்டன் சென்றார்.

இங்கேதான் நான் சொல்லவந்த முதற் கணக்கு தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தன் படைகளுக்காக இந்தியாவில் துணி வாங்கியது, தானியம் வாங்கியது, எஃகு வாங்கியது. விலையை ரொக்கமாகத் தரவில்லை. லண்டனில் இந்தியாவின் பெயரில் பவுன் கணக்கில் வரவு வைத்தது. அந்த வரவை ஈடாகக் காட்டி இங்கே ரிசர்வ் வங்கி ரூபாய் நோட்டு அச்சடித்தது. போருக்கு முன் இருந்ததைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நோட்டுப் பெருகியது. பண்டம் அந்த அளவுக்குப் பெருகவில்லை, பெருகியது விலைவாசி. 1943இல் வங்கத்தில் இலட்சக்கணக்கான ஏழைகள் பட்டினியால் மடிந்ததற்கு இந்த விலையேற்றமும் ஒரு காரணம். போர் முடியும்போது பிரிட்டன் நமக்குத் தரவேண்டிய தொகை ஏறத்தாழ 130 கோடி பவுன். ஸ்டெர்லிங் நிலுவை என்று அதற்குப் பெயர். ஆண்டவன் அடிமைக்குக் கடன்பட்டிருந்தான்! ஆனால் அடிமை கடனைத் திருப்பிக் கேட்பது எப்படி?

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் என்னும் மலையூரில் 44 நாடுகள் கூடின. போருக்குப் பின் உலகப் பண ஏற்பாடு எப்படி இருக்கவேண்டும் என்று ஆராய்ந்தன. இன்றைய பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் அங்கே கருக்கொண்டவையே. இந்தியக் குழுவுக்குத் தலைவர் அன்றைய நிதி உறுப்பினரான ஜெரமி ரெயிஸ்மன் என்ற ஆங்கிலேயர். அவரோடு சி. டி. தேஷ்முக், ஏ. டி. ஷ்ராஃப், தியோடர் கிரகரி ஆகியோரும், நம் சண்முகம் செட்டியாரும் சென்றனர். அந்த நாள்களில் என் தீவுகளின் நிலை என்ன? 1942 மார்ச்சு முதல் அந்தமான் ஜப்பானியர் பிடியில் இருந்தது. மாநாடு நடந்த அதே ஆண்டின் சனவரியில், ஹம்ஃப்ரிகஞ்ச் என்னுமிடத்தில் இந்திய விடுதலைக் கழகத்தார் 44 பேர், ஒற்றர் என்ற பழி சுமத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். தன் மண்ணில் ஒரு பகுதி ஒரு பேரரசின் பிடியிலும், எஞ்சிய பகுதி மற்றொரு பேரரசின் பிடியிலும் கிடந்த ஒரு நாட்டின் பெயரால் இவர்கள் அந்த மேசையில் அமர்ந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

அப்படி அமர்ந்தவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. நிலுவையில் ஒரு பகுதியையேனும் எந்த நாட்டிலும் செலவிடக்கூடிய பணமாக மாற்றிக்கொள்ளப் புதிய நிதியம் உதவவேண்டும் என்று கேட்டார்கள். பிரிட்டனின் சார்பில் வந்த பேரறிஞர் கெயின்ஸ் அதற்கு இணங்கவில்லை. கடன் உண்டு, ஆனால் அதை இரு நாடுகளும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் என்பது அவர் நிலை. வளர்ச்சி குன்றிய நாடுகளின் முன்னேற்றமும் நிதியத்தின் நோக்கமாக வேண்டும் என்று இந்தியக் குழு வாதாடியது. கேட்ட சொற்கள் அப்படியே கிடைக்கவில்லை. ஆயினும், எல்லா உறுப்பு நாடுகளின் உற்பத்தி வளத்தையும் பெருக்குவது என்ற கருத்து நிதியத்தின் முதல் விதியில் இடம்பெற்றது. இந்தியாவுக்கு 40 கோடி டாலர் பங்கு கிடைத்தது. அது ஆறாவது பெரிய பங்கு. சோவியத் நாடு சேராமல் விலகியதால் இந்தியா ஐந்தாம் இடத்துக்கு உயர்ந்து, நிதியத்துக்குத் தானே ஓர் இயக்குநரை அமர்த்தும் உரிமையைப் பெற்றது.

முதற் கணக்கு அன்று முடியவில்லை. அதை முடிக்கும் பொறுப்பு பின்னர் அவர் தலையிலேயே வந்து விழுந்தது.

1947 ஆகஸ்டு 15. நேருவின் அமைச்சரவையில் காங்கிரஸைச் சேராத சிலருக்கும் இடம் தரப்பட்டது. அம்பேத்கர் சட்ட அமைச்சரானார்; சண்முகம் செட்டியார் நிதியமைச்சரானார். அவ்வாண்டு நவம்பர் 26ஆம் நாள் விடுதலை இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அவர் படித்தார். ஏழரை மாதத்துக்கான திட்டம் அது. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி, அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி. துண்டு விழுந்த தொகையில் ஒரு சிறு பகுதியை ஈடுகட்டப் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் ஏற்றுமதி வரி விதித்தார். அவருடைய ஊரின் தொழிலே பருத்தித் தொழில் என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். எல்லை கடந்து வந்த அகதிகளின் செலவும் அத்திட்டத்தில் இருந்தது. 1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்கள் எங்கள் அந்தமானில் குடியேறின. தில்லியில் ஒரு செலவுத் தலைப்பாக இருந்தவர்கள் எங்கள் ஊர்களில் அண்டை வீட்டாரானார்கள்.

இரண்டாம் கணக்கும் அப்போதே வந்தது. பிரிவினையின்போது பொதுக் கருவூலத்திலிருந்து பாகிஸ்தானுக்கு 75 கோடி ரூபாய் என்று பேசி முடித்தார்கள். 20 கோடி முன்பே கொடுக்கப்பட்டது. மீதி 55 கோடியைக் காசுமீரச் சண்டையைக் காரணம் காட்டி இந்திய அரசு நிறுத்திவைத்தது. நேற்றுவரை கடன் கேட்டு நின்றவர்கள் இன்று கொடுக்கவேண்டியவர்களானார்கள். பிரிட்டன் நம்மிடம் சொன்னவை போன்ற காரணங்களை நாமே அயலாருக்குச் சொன்னோம். 1948 சனவரி 13இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். இரண்டே நாளில் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டு பணத்தைத் தர இசைந்தது. கணக்கு நேரானது. அம்மாதம் முடியுமுன் காந்தியடிகள் சுடப்பட்டார்.

அவ்வாண்டு செட்டியார் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி லண்டன் சென்றார். ஜூலையில் நிலுவைபற்றி மூன்றாண்டு உடன்பாடு ஏற்பட்டது. பிரிட்டன் இங்கே விட்டுச்சென்ற படைத் தளவாடங்களுக்காக 10 கோடி பவுனும், ஆங்கில அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்காக ஒரு பெருந்தொகையும் நிலுவையிலிருந்து கழிக்கப்பட்டன. விட்டுக்கொடுத்தது அதிகம் என்றவர்களும் உண்டு. ஆனால் கடன் கடன்தான் என்பது நிலைத்தது. அதைத் தள்ளுபடி செய்யவேண்டும் என்ற பேச்சு எடுபடவில்லை. கடன்பட்ட பேரரசின் தலைநகரிலேயே, ஒரு காலத்தில் நகரசபையில் சாக்கடைக் கணக்குப் பார்த்த கோவைத் தமிழர் ஒருவர் இந்தியாவின் வரவை எடுத்துவைத்து வாதாடினார்.

மூன்றாவது கணக்கு அவரை வீழ்த்தியது. போர்க்காலத்தில் கொள்ளை இலாபம் அடித்து வருமான வரி கட்டாதவர்களை விசாரிக்க 1947இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. யார் யாரை விசாரிப்பது என்று பட்டியல் அனுப்பவேண்டியது நிதியமைச்சகம். அந்தப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டன என்றும், அவை கோவை ஆலை முதலாளிகளின் பெயர்கள் என்றும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைச்சகத்தில் நடந்ததற்கு அமைச்சரே பொறுப்பு. 1948 ஆகஸ்டில், பதவியேற்று ஓராண்டு நிறைந்த வேளையில், அவர் விலகினார். ஜான் மத்தாய் அடுத்த நிதியமைச்சரானார்.

ஊர் திரும்பியவரைத் தமிழ் ஏற்றுக்கொண்டது. 1940களில் தமிழிசை இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் அவர். சிலப்பதிகாரத்தின் புகார்க்காண்டத்துக்கு உரை வரைந்தவரும் அவரே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். 1952இல் சுயேச்சையாக நின்று சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1953 மே 5ஆம் நாள், அறுபதாம் வயதில் மறைந்தார்.

இவரை எப்படி மதிப்பிடுவது? பெருமையை மட்டும் பாடி மூன்றாவது கணக்கை மறைப்பவர்கள் உண்டு. அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு மற்றவற்றை மறப்பவர்களும் உண்டு. இரண்டும் நேர்மையன்று என்பது என் கருத்து. வலிய பேரரசிடம் கடனைக் கேட்க அறிவு வேண்டும். அது அவரிடம் நிரம்ப இருந்தது. பகைத்து நிற்கும் அயலானுக்குக் கடனைத் திருப்பித் தர அறம் வேண்டும். அதை நாட்டுக்கு நினைவூட்ட ஒரு காந்தி வேண்டியிருந்தது. ஆனால், நம் ஊராரிடமும் நம் உறவினரிடமும் நண்பரிடமும் அரசுக்கு உரிய கடனைக் கேட்பதுதான் மூன்றிலும் கடினமானது. அங்கே எதிரில் நிற்பவன் பகைவன் அல்லன். நாளைக்கும் நம் வாசலுக்கு வந்து நலம் விசாரிக்கப் போகிறவன்.

தோழர்களே, நம்மில் சிலர் நாளைக்கு வங்கியிலும் கருவூலத்திலும் அமைச்சகத்திலும் அமர்வோம். சிலர் உலக வங்கிக்கும் நிதியத்துக்கும்கூடச் செல்லலாம். அந்த மேசைகளில் நம்மவர் பேசுவதற்கான வழியை முதலில் வெட்டியவர்களுள் சண்முகம் செட்டியார் ஒருவர். ஆகவே அவர் வாழ்வை முழுதும் படியுங்கள். நம் மன்றத்தின் சந்தாப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் பொருளாளரும் படிக்கட்டும். வேண்டியவன் பெயருக்கு நேரே உள்ள பாக்கியையும் வேண்டாதவன் பெயருக்கு நேரே உள்ள பாக்கியையும் ஒரே மையால் எழுதப் பழகும் இடம் இதுதான். தில்லியின் ஒரு வரிக்காகக் கடல் நடுவே காத்திருக்கும் ஊரிலிருந்து வந்தவன் நான். வரவேண்டிய இடத்தில் பெயர் விட்டுப்போனால், கிடைக்கவேண்டிய இடத்தில் எது விட்டுப்போகும் என்பது எங்களுக்குத் தெரியும்.