கற்றுக்கொடுத்த கை



தாவீது என்றதும் நம் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் கவணைத்தான் சொல்வார்கள். ஓடையில் எடுத்த ஐந்து கூழாங்கற்கள், ஒரே வீச்சு, கோலியாத்து வீழ்ந்தான். தினைப்புனம் காத்த நம் முன்னோரும் கவண் கல்லால் கிளிகளை விரட்டினர். இதுபோல் கையால் எறிந்து குறி தவறாமல் அடிக்கும் இன்னொரு கருவியும் தென்னாட்டில் இருந்தது. அது வளரி. மரத்தாலோ இரும்பாலோ பிறைபோல் வளைந்து, ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பிடித்துச் சுழற்றி எறிவார்கள்.

இதில் தேர்ந்தவர் சின்ன மருது. மறைமலை நகரில் வேலைக்கு வந்திருக்கும் சிவகங்கைப் பக்கத்து இளைஞர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1772-இல் காளையார்கோவிலில் மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபோது, அண்ணன் பெரிய மருதுவுடன் சேர்ந்து அரசி வேலு நாச்சியாருக்குத் துணை நின்றார். 1780-இல் சீமை மீட்கப்பட்டதும் பிரதானி ஆனார். சிறுவயலில் இருந்த அவரது இல்லத்தில் காவலர் இல்லை. எவரும் தடையின்றி வந்து போகலாம். சருகணி ஆலயத்துக்கு மருது சகோதரர்கள் செய்த உதவியை அப்பகுதி கத்தோலிக்கர் இன்றும் நன்றியோடு சொல்கின்றனர்.

1795 வாக்கில் மதுரையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி அவருடைய நண்பரானார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே. தேர்ந்த கை வீசினால் வளரி நூறு கெஜத்துக்குள் குறி தவறாது என்று வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

1801-இல் ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்ததால் மருது சகோதரர்கள் மீது கும்பினிப் படை திரண்டது. அப்படையில் வெல்ஷும் இருந்தார். தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடிபட்ட சின்ன மருது, 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அண்ணனுடன் தூக்கிலிடப்பட்டார். இளைய மகன் துரைசாமி, 70-க்கும் மேற்பட்டோருடன் 1802-இல் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டார்.

1818-இல் வெல்ஷ் பினாங்குக்குச் சென்றபோது, தளர்ந்துபோன ஒருவர் அவர்முன் வந்து நின்றார். அவர்தாம் துரைசாமி. இளமையிலேயே முதுமை வந்திருந்தது. வெல்ஷின் நெஞ்சில் கத்தி பாய்ந்ததுபோல் இருந்தது. ஆனாலும் ஊருக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூட உத்தரவு அவருக்கு இடம் தரவில்லை.

வெல்ஷ் தீயவர் அல்லர். உண்மையை மறைக்காமல் எழுதினார். நண்பரின் சாவுக்காக வருந்தினார். ஆனால் வருத்தம் வேறு, உதவி வேறு.

நாமும் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் ஒருவர் கைபிடித்துத்தான் வேலை கற்றோம். அவர் வேலை இழந்து வாசலில் நிற்கும்போது, மேலிடத்து உத்தரவு என்று சொல்லி நாம் கடந்து போகிறோமா? நமக்குக் கற்றுக்கொடுத்த கை இன்று வெறுங்கையாக நம்மிடம் நீளும்போது, நாம் என்ன செய்கிறோம்?

சிந்திப்போம்.