உள்ளூர் பார்ட்ஸ் விலை அதிகம், வெளிநாட்டு பார்ட்ஸ் மலிவு! இந்தச் சிக்கலோடு கடைசிவரை போராடிய டொயோட்டா நிறுவனர்: யார் இந்த கீச்சிரோ?

காரில் ஒரு சின்ன பாகம் போயிடுச்சு. உள்ளூர் கடையில் விலை கேட்டால் தலை சுத்துது. அதே பாகம் வெளிநாட்டில் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பல நாடுகளில் கார் வைத்திருப்பவர்களின் நிரந்தரப் புலம்பல் இது.

90 ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பானிலும் இதே நிலைமைதான். அங்கே தயாரான பாகத்துக்கு விலையும் அதிகம், தரமும் கம்மி. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பாகமோ மலிவு, நம்பகமானது. இந்த நிலையை மாற்றுவதற்காகவே தன் வாழ்க்கையைச் செலவிட்டவர் கீச்சிரோ டொயோடா. இன்று உலகம் அறிந்த டொயோட்டா கார் நிறுவனத்தை உருவாக்கியவர் இவர்தான்.

தறி செய்தவரின் மகன்

1894 ஜூன் 11 அன்று ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில் பிறந்தார் கீச்சிரோ. அப்பா சகிச்சி டொயோடா, தறி இயந்திரங்களைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர். கீச்சிரோ பிறந்த சிறிது காலத்திலேயே அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டார். தாத்தா, பாட்டியிடம் வளர்ந்த பையன் அதிகம் பேசாதவர்.

டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு அப்பாவின் தொழிலுக்கே வந்தார். 1924-ல் தயாரான தானியங்கி தறி குடும்பத்தின் பெரிய வெற்றி. நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறி அது. 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் அதன் உரிமையை 1 லட்சம் பவுண்டுக்குப் பேசி முடித்தது. அடுத்த ஆண்டே அப்பா இறந்துவிட்டார்.

தறித் தொழிலிலேயே நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனா கீச்சிரோவின் கண் கார் மீது இருந்தது.

ஜப்பான் சாலைகளில் அமெரிக்க கார்கள் வந்தது எப்படி?

1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோ, யோகோஹாமா பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ரயில், டிராம் பாதைகள் நாசமாயின. மக்களை ஏற்றிச் செல்ல டோக்கியோ நகர நிர்வாகம் அவசரமாக ஃபோர்டு வண்டிகளை வாங்கி பேருந்துகளாக மாற்றியது. இந்தச் சந்தையைப் பார்த்த ஃபோர்டு 1925-ல் யோகோஹாமாவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1927-ல் ஒசாகாவிலும் ஆலை தொடங்கின.

அந்த ஆலைகளில் எதையும் அடியிலிருந்து செய்யவில்லை. அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை இங்கே பூட்டி விற்றார்கள், அவ்வளவுதான். ஃபோர்டு, செவர்லே ஸ்பேர் பார்ட்ஸும் சந்தையில் தாராளமாகக் கிடைத்தன.

உள்ளூர் பாகம் ஏன் விலை அதிகம்?

காரணம் எண்ணிக்கை. உதாரணமாக, ஒரு பாகத்துக்கான அச்சு செய்ய 1,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 பாகம் மட்டும் வார்த்தால், ஒவ்வொன்றின் தலையிலும் 100 ரூபாய் விழும். 10,000 பாகம் வார்த்தால் 10 காசுதான் விழும்.

அமெரிக்க ஆலைகள் லட்சக்கணக்கில் செய்தன. ஜப்பானியப் பட்டறைகளுக்கு நூற்றுக்கணக்கில்கூட ஆர்டர் இல்லை. கப்பல் கூலி, வரி எல்லாம் சேர்ந்தும் அமெரிக்க பாகம் மலிவாக இருந்தது இதனால்தான். விலை அதிகம் என்பதால் உள்ளூர் பாகத்தை யாரும் வாங்கவில்லை. யாரும் வாங்காததால் விலை குறையவில்லை. இந்தச் சுழலில்தான் கீச்சிரோ கால் வைத்தார்.

செவர்லேவைப் பிரித்துப் போட்டார்

1933 செப்டம்பரில் தறி நிறுவனத்துக்குள்ளேயே வாகனப் பிரிவு தொடங்கப்பட்டது. ஒரு செவர்லே காரை வாங்கி, கடைசி ஆணி வரை பிரித்து அளந்தார்கள். பிறகு அதேபோல் இன்ஜின் செய்ய முயன்றார்கள். வார்ப்பு வேலைதான் பெரிய தலைவலி. நூற்றுக்கணக்கான சிலிண்டர் பிளாக்குகள் உருப்படாமல் போய் மீண்டும் உருக்கப்பட்டன. 1934-ல் முதல் இன்ஜின் தயாரானபோது செவர்லே அளவுக்குச் சக்தி வரவில்லை. தேவையான எஃகு வெளியே கிடைக்காததால் எஃகு ஆலையையும் சொந்தமாகவே தொடங்க வேண்டியதாயிற்று.

இங்கேதான் கீச்சிரோ ஒரு புத்திசாலித்தனமான முடிவை எடுத்தார். இன்ஜினை செவர்லே மாதிரியிலும், சேஸிஸை ஃபோர்டு மாதிரியிலும் வடிவமைத்தார். காப்பியடிப்பது சுலபம் என்பது மட்டும் காரணம் இல்லை. புது கம்பெனியின் வண்டி நடுவழியில் நின்றால் அதற்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்? ஏற்கனவே சந்தையில் இருக்கும் அமெரிக்க பாகமே பொருந்தினால், வாங்குகிறவருக்குப் பயம் இருக்காது. எதிரியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையையே தன் வாடிக்கையாளருக்குத் துணையாக ஆக்கிவிட்டார்.

நஷ்டத்தில் விற்ற முதல் லாரி

1935 நவம்பரில் ஜி1 என்ற முதல் லாரி அறிமுகமானது. விலையை ஃபோர்டு, செவர்லே லாரிகளைவிடக் குறைவாக வைத்தார்கள். உண்மையில் செய்ய ஆன செலவு அதைவிட அதிகம். செலவைப் பார்த்து விலை வைத்தால் யாரும் வாங்கமாட்டார்கள், விலையை முதலில் முடிவு செய்துவிட்டு செலவை அதற்குள் இறக்க வேண்டும் என்பது கீச்சிரோவின் கணக்கு.

லாரிகள் அடிக்கடி பழுதாகின. எங்கே நின்றாலும் நிறுவனமே ஆளனுப்பி இலவசமாகச் சரிசெய்தது. கீச்சிரோவே நேரில் போய்ப் பார்த்ததும் உண்டு. உடைந்த ஒவ்வொரு பாகமும் ஆலைக்குத் திரும்பி, திருத்தி வடிவமைக்கப்பட்டது.

அரசு கதவை மூடியது, பிரச்னை தீர்ந்ததா?

1936-ல் உள்நாட்டு வாகனத் தயாரிப்புக்காக ஜப்பான் அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. இறக்குமதி வரியும் உயர்ந்தது. 1939-ல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானில் உற்பத்தியை நிறுத்தின. இதற்கிடையே 1937 ஆகஸ்டில் டொயோட்டா தனி நிறுவனமானது.

போட்டி போனதால் தரம் தானாக வந்துவிடுமா? வராது. அதே காலகட்டத்தில் ஒரு இளைஞர் டொயோட்டாவுக்கு பிஸ்டன் ரிங் விற்க முயன்றார். சோதனைக்குக் கொடுத்த 50-ல் தேறியது வெறும் 3. அந்த இளைஞர் சோய்ச்சிரோ ஹோண்டா. பின்னாளில் ஹோண்டா நிறுவனத்தைத் தொடங்கியவர்! தோல்விக்குப் பிறகு உலோகவியல் படித்து, தரத்தை உயர்த்தி, டொயோட்டாவுக்கே சப்ளை செய்தார்.

பாகம் செய்து தரும் சிறு பட்டறைகளை டொயோட்டா தன் கிளை ஆலைகளைப் போலவே நடத்த வேண்டும் என்று 1939-லேயே விதி வகுக்கப்பட்டது. விலை கேட்டு ஆளை மாற்றிக்கொண்டே இருக்காமல், ஒரே ஆளுடன் சேர்ந்து தரத்தை ஏற்ற வேண்டும் என்பது திட்டம். தேவையான பாகம் தேவையான நேரத்துக்கு மட்டும் வந்தால் போதும், குடோனில் குவித்துப் பணத்தை முடக்கக்கூடாது என்றும் கீச்சிரோ வலியுறுத்தினார். டொயோட்டாவின் புகழ்பெற்ற உற்பத்தி முறைக்கு விதை இதுதான்.

விலை கொடுத்தது யார்?

போர் முடிந்தபின் 1949-ல் ஜப்பானில் கடும் சிக்கன நடவடிக்கைகள் வந்தன. வண்டி விற்றாலும் பணம் வரவில்லை. டொயோட்டா திவாலாகும் நிலை. மின் பாகங்கள் செய்த பிரிவு 1949 டிசம்பரில் தனியாகப் பிரிக்கப்பட்டது.

ஆட்குறைப்பு செய்யமாட்டேன் என்று தொழிலாளர்களுக்கு உறுதி கொடுத்திருந்தார் கீச்சிரோ. கடன் கொடுத்த வங்கிகளோ ஆட்குறைப்பைக் கேட்டன. 1950-ல் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. இறுதியில் சுமார் 2,000 பேர் வேலையை விட்டுப் போனார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாத கீச்சிரோ, ஜூன் மாதம் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார்.

அதே மாதம் 25-ம் தேதி கொரியப் போர் தொடங்கியது. ஜூலையில் அமெரிக்க ராணுவமே டொயோட்டாவிடம் 1,000 லாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. நிறுவனம் பிழைத்துக்கொண்டது. சில வாரங்கள் முன்பு வந்திருந்தால் கதையே வேறு.

1952-ல் அவரை மீண்டும் தலைவராக வரச் சொல்லி அழைத்தார்கள். அவரும் சம்மதித்தார். ஆனால் பதவி ஏற்பதற்கு முன்பே, மார்ச் 27 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். வயது 57.

அதன்பிறகு என்ன ஆனது?

1955 ஜனவரியில் டொயோட்டாவின் கிரவுன் கார் வந்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் தொழில்நுட்ப உதவி இல்லாமல் உருவான கார் அது. அதைப் பார்க்க கீச்சிரோ இல்லை.

நெருக்கடியில் பிரித்துவிடப்பட்ட அந்த மின் பாகங்கள் பிரிவுதான் இன்றைய டென்சோ. உலகின் மிகப்பெரிய கார் பாகத் தயாரிப்பாளர்களில் ஒன்று. ஒரு காலத்தில் ஜப்பான் டிரைவர்கள் அமெரிக்க பாகத்தைத் தேடி அலைந்தார்கள். இன்று அமெரிக்க கார் நிறுவனங்களே டென்சோவிடம் பாகம் வாங்குகின்றன.