கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களின் சரித்திரம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களில் மோட்டார் நிறுத்துங் கொட்டகையையே பட்டறையாக்கி, கணினியின் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் யந்திரமொன்றைத் தாமே அமைக்க முயலும் இளைஞரை நாம் அறிவோம். 1960-களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சூழலில் இவ்வார்வம் பிறப்பது வியப்பன்று. அன்னார்க்கு முன்னோடியாய் விளங்கிய தமிழ்நாட்டுப் பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைவோம்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு அவர்கள் 1893-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 23-ஆம் தேதி கோயமுத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு இவர்க்குச் சிறிதும் சுவைக்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு அது நின்றது. ஒருநாள் ஆங்கிலேய உத்தியோகஸ்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏறி அவ்வழியே சென்றார். மாடும் குதிரையுமின்றி ஓடிய அவ்வண்டியைக் கண்ட நாள் தொட்டு, அதனைத் தமதாக்கிக் கொள்ளும் எண்ணமே இவர் நெஞ்சை நிறைத்தது. கோயமுத்தூர் சென்று, உணவு விடுதியொன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்து, சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, அதனை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றி மகிழ்ந்தாரோவெனின், இல்லை. வண்டியைத் திருகு திருகாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அதுவே இவர் பயின்ற கலாசாலை.

பின்னர்ப் பருத்தித் தொழிலில் இறங்கிப் பொருளிழந்தார். எனினும் மனந் தளரவில்லை. ஸ்டேன்ஸ் துரையின் உதவியால் பஸ் ஒன்று பெற்று, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே ஓட்டலானார். அவ்வொன்று பலவாகி, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெயரால் விளங்கியது. செல்வம் பெருகியும் கருவியைக் கைவிட்டாரல்லர். 1937-இல், டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களின் கூட்டுறவோடு, இந்தியாவிற் செய்யப்பெற்ற முதல் மின்சார மோட்டாரைப் பீளமேட்டினின்று வெளியிட்டார். மின்சார க்ஷவரக் கருவி, மிக மெல்லிய சவரத் தகடு, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, வாக்குப் பதிவு செய்யும் யந்திரம் என இவர் கண்டவை பல. 1941-இல் ஐந்து வால்வுகளுடைய ரேடியோப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர இயலுமெனக் காட்டினார்.

1945-இல் ஆர்தர் ஹோப் பெயரால் கோயமுத்தூரில் தொழிற்கல்விச் சாலைகள் தோன்றுதற்கு இவரே காரணராயிருந்தார். ஆயினும் நான்காண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குமென்றும் குறுகிய காலமே போதுமென்றும் இவர் கொண்ட கருத்தை அரசாங்கத்தார் ஏற்கவில்லை. இவரும் தலைமைப் பொறுப்பினின்று விலகினார். அவ்வித்தியாசாலையின் வழிவந்ததே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி.

1952-இல் இருவர் அமரத்தக்க சிறு மோட்டார் காரை ஏறக்குறைய 2,000 ரூபாய் விலையில் இவர் ஆக்கினார். உற்பத்திக்கு வேண்டிய அனுமதி கிட்டாமையால் அது தெருவிற்கு வாராது போயிற்று. அதே 1952-இல், அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட நாடாவிலுள்ள எண்களைப் படித்துத் தானே உலோகத்தைச் செதுக்கும் யந்திரத்தை உலகறியக் காட்டினர். அவர்க்கு அரசாங்கம் பொருளுதவி புரிந்தது. நம்மவர்க்கு அனுமதிச் சீட்டும் அரிதாயிற்று. இவ்வேற்றுமையை நினைக்குந்தோறும் நாம் வருந்தாதிருக்க இயலவில்லை.

அந்த யந்திரத்தின் சந்ததியே இன்று நம் இளைஞர் கொட்டகைகளில் உருவாவது. ஒரு சுற்றை 200 படிகளாகப் பகுக்கும் மோட்டாரும், சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் மரைத்தண்டும் இணையின், ஒரு படிக்கு 0.04 மில்லிமீட்டர் நகர்ச்சி உண்டாமென்பது கணக்கு. ஆனால் மரையில் சிறிது ஆட்டமிருப்பினும், சட்டம் சற்றே வளையினும், அக்கணக்கு பொய்க்கும். ஏன் பொய்த்ததென்பதைக் கழற்றிப் பார்த்தவனே அறிவான். கணக்கே அறியாதவனோ, கழற்றியும் அறியான்.

ஆதலின் நாயுடு அவர்களின் சரித்திரத்தைக் காட்டி, கல்லூரி வேண்டாவென்று சொல்வார் கூற்றை நாம் ஏற்கமாட்டோம். அவர் தாமே கல்விச்சாலை அமைக்க முன்வந்தவரன்றோ? எனினும், நான்காண்டு கற்றும் ஒரு திருகாணியைத் தொடாது வெளியேறும் மாணவர் இருப்பரேல், அவர் அன்று எழுப்பிய வினாவிற்கு நாம் இன்னும் விடை தந்தோமல்லேம்.

1974-ஆம் வருஷம் ஜனவரி 4-ஆம் தேதி அப்பெரியார் மறைந்தார். கோயமுத்தூர் அவினாசிச் சாலையில் உள்ள காட்சிச்சாலை அவர் உழைப்பிற்குச் சான்று பகர்கின்றது. மாணவ நண்பர்காள்! விடுமுறையில் அங்குச் சென்று காண்மின். மீண்டு வந்து, உம் வீட்டிற் பழுதுற்றுக் கிடக்கும் பொருளொன்றைக் கழற்றிப் பூட்டுமின். அவர்க்கு நாம் செய்யத்தக்க மரியாதை அதுவே.